முன்னால் போகும் வண்டி

எங்கள் கம்பெனியின் பார்சல் வேன்கள் எல்லாவற்றிலும் டிரைவர் இருக்கைக்குப் பின்னால் ஒரு கறுப்புப் பெட்டி உண்டு. வண்டியின் கேமரா தெருவில் பார்க்கும் பள்ளம், அடைத்த சாலை, குறுக்கே வரும் ஆள் எல்லாவற்றையும் அது சேர்த்து வைத்துக்கொண்டு, பக்கத்தில் வரும் வேன்களுக்கும் கொடுக்கும். எல்லாவற்றுக்கும் செல்போன் டவர் வரை போய் வர வேண்டியதில்லை. பக்கத்து வண்டியிடமே இரவல் வாங்கி டிரைவர் காதில் சொல்லிவிடும். யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்பது என் மேஜைத் திரையில் கோடு கோடாகத் தெரியும். கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து அதைப் பார்ப்பதுதான் என் வேலை.

என் வீட்டுக்காரரின் வண்டியும் அந்தத் திரையில் ஒரு புள்ளி. மற்ற புள்ளிகளுக்கு நாலா பக்கமும் கோடு வரும். அவருக்கு மட்டும் ஒரே ஒரு கோடு. அது பாட்டுக்காரியின் வண்டியிலிருந்து வந்தது.

பாட்டுக்காரி என்பது நாங்கள் வைத்த பெயர். வேன் ஓட்டும்போது பாடிக்கொண்டே போவாள். சிரித்தால் ஷெட் முழுக்கக் கேட்கும். அதுவரை எனக்கும் அவளைப் பிடித்துத்தான் இருந்தது.

முதலில் தற்செயல் என்று விட்டேன். ஆனால் தினமும் அதே கோடு. அவள் திரும்பினால் இவர் திரும்புகிறார், அவள் நின்றால் இவர் நிற்கிறார். வால் பிடித்துக்கொண்டு போகிறார் மனுஷன்! எனக்கு வயிறு எரிந்தது.

என் தம்பி அங்கேதான் மெக்கானிக். பெட்டிகளை மாட்டுவது அவன்தான். அவனைப் பிடித்து நிறுத்தினேன்.

"ஏன்டா, உன் மாமா வண்டி அவகிட்ட மட்டும் ஏன் வாங்குது?"

"மாமாதான் அப்படி மாத்தித் தரச் சொன்னாரு."

"எதுக்குன்னு கேக்க மாட்டியா?"

"கேட்டேன். உன் வேலையைப் பாருன்னாரு. அக்கா, உங்க சண்டையில என்னை இழுக்காத."

அதன்பிறகு வீட்டிலும் கவனிக்கத் தொடங்கினேன். எல்லாமே இடித்தது. முன்பெல்லாம் கண்ணைப் பார்த்துப் பேசுகிறவர், இப்போது என் காதோரத்தில் எதையோ பார்த்துக்கொண்டு பேசினார். நான் தலைமுடியைத் தோள் வரை வெட்டிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தேன். ஒரு வார்த்தை இல்லை. போனில் செய்தி வந்தால் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் கேட்கும். ஒருநாள் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

"காலையில நான்தானே போட்டுவிட்டேன்? சரியாத்தானே இருந்துச்சு?"

"ஒரே வேர்வை. கழட்டி மாட்டினேன்."

"எங்க கழட்டினீங்க?"

"என்னடி கேள்வி இது?" என்று சிரிக்கப் பார்த்தார். அந்தச் சிரிப்பும் என் காதுக்குத்தான் போனது.

மறுநாள் காலை இரண்டு புள்ளிகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் கடைவீதிப் பக்கம் கிளம்பின. ஒரு பெட்டியில் கோளாறு வந்தால் அதைப் பிரித்து வைக்க எனக்கு அதிகாரம் உண்டு. கோளாறுதான் என்று நானே முடிவு செய்தேன். "இனிமே எப்படி ஒட்டிக்கிட்டுப் போறீங்கன்னு பாக்கறேன்" என்று சொல்லிக்கொண்டே கோட்டைத் துண்டித்தேன். அப்பாடா என்றிருந்தது.

அவர் புள்ளி வேகம் குறைந்து தடுமாறியது. அவள் புள்ளி முன்னால் போய்விட்டது. மேஜைமேல் போன் அடித்தது.

"அக்கா, கோட்டை நீங்களா எடுத்தீங்க?" பாட்டுக்காரிதான்.

"ஆமா. ஏன், கஷ்டமா இருக்கா?"

"ஐயோ, உடனே போடுங்கக்கா! அண்ணனுக்குக் கண்ணு தெரியல!"

"என்னடி உளர்ற?"

"பார்வையில நடுவுல மறைக்குதாம். செய்தி வந்தாக்கூடப் போனையே வாசிக்க வச்சுத்தான் கேக்கறாராம். வண்டியைத் தொடவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாராம். முன்னால என் வண்டி பாக்கறதை அவர் வண்டி காதுல சொல்லும், அதை வச்சுத்தான் ஓட்டறாரு. மத்த வண்டிங்க சொல்றதும் சேர்ந்தா குழம்பிடும்னு என்னோடது மட்டும். உங்ககிட்ட சொல்லிடாதன்னு கெஞ்சினாரு அக்கா..."

கோட்டைத் திரும்பப் போட்டேன். அது வரவில்லை. பக்கத்தில் இருந்தால்தானே கொடுக்க முடியும்? அவள் நெரிசலைத் தாண்டி ஒருவழிச் சாலையில் மாட்டிக்கொண்டிருந்தாள். அவர் புள்ளி இன்னும் நகர்ந்துகொண்டிருந்தது. அடுத்து வருவது பள்ளிக்கூட வாசல்.

அவரைப் போனில் பிடித்தேன்.

"வண்டியை நிறுத்துங்க!"

"இரு, ஓரமா..."

"ஓரமெல்லாம் வேணாம்! அங்கேயே பிரேக் போடுங்க!"

புள்ளி நின்றது. எனக்கு மூச்சு வந்தது.

"நான் எங்க இருக்கேன்?" என்று கேட்டார். தினமும் அந்தத் தெருவில் ஓடுகிற மனுஷன் என்னிடம் அதைக் கேட்டார்.

தம்பியின் பைக்கில் பறந்தோம். வேன் நடுத்தெருவில் நின்றது. பின்னால் ஒரே ஹாரன், ஒரே திட்டு. அதன் மூக்குக்கு முன்னால், பிள்ளைகள் கடக்கிற வெள்ளைக் கோடுகள். புத்தகப் பைகளோடு கடந்துகொண்டிருந்தார்கள். நான் பக்கத்து இருக்கையில் ஏறிச் சாவியைப் பிடுங்கினேன்.

"புத்தி இருக்கா உங்களுக்கு? பிள்ளைங்க நடக்கிற இடம் இது! யார் மேலயாவது ஏத்தியிருந்தா?"

"வேலை போயிடும்னு பயந்துட்டேன்."

"அதுக்கு என்கிட்டயுமா மறைப்பீங்க? என்னென்னவோ நினைச்சுட்டேன். என் முகத்தைக்கூடப் பாக்கறதில்ல, காதையே பாத்துப் பேசினா நான் என்னன்னு நினைக்கறது?"

அவர் என் பக்கம் திரும்பினார். பார்வை வழக்கம்போல என் காதோரம் போய் நின்றது.

"நேரா பாத்தா நீ இருக்கிற இடம் கறுப்பா இருக்கு. இப்படிப் பாத்தாத்தான் உன் முகம் கொஞ்சமாவது தெரியுது."

பிறகு கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டார்: "முடி வெட்டிக்கிட்டியா?"

"போன மாசமே" என்றேன்.

பின்னால் ஹாரன் நிற்கவில்லை. அவர் பார்த்து முடிக்கட்டும் என்று நான் தலையை அசைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.