தொந்திக்குத் தைத்த வரப்பு

ஆலைகளுக்குப் பூட்டு விழுந்த மூன்றாம் மாதம், ஊரில் ஒருவருக்கும் புதுச்சட்டை தேவைப்படவில்லை. டெய்லர் கடையைச் சாத்திவிட்டு சர்க்கார் நிவாரண வேலைக்குப் பெயர் கொடுத்தார். மொட்டையாகிப்போன குன்றில் மண் அரிக்காதபடி குறுக்கே வரப்பு போடும் வேலை. மண்வெட்டி அவரைப் பயமுறுத்தவில்லை. ஓவர்சியரைப் பார்த்ததும்தான் வந்த வழியே திரும்பிவிடப் பார்த்தார். அங்கே நின்றவன் அவர் மனைவியின் தம்பி.

படித்துவிட்டு ஆறு வருடம் அவர் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தவன். "தண்டச்சோத்துக்கு இன்னும் கொஞ்சம் போடு" என்று சொல்லாமல் டெய்லருக்கு ஒரு வாய் இறங்காது. ஊர் முழுக்க வேலையைப் பறித்த கெட்ட காலம் அவனுக்கு மட்டும் உத்தியோகம் கொடுத்துத் தொலைத்தது. இப்போது குன்றின் மேல் அவனை "சார்" என்று கூப்பிட வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு கூப்பிட்டார்.

ஒரு நாள் ஓவர்சியர் குச்சிகளை நட்டு, "குச்சி போற வழியிலயே வெட்டுங்க" என்று சொல்லிவிட்டு மூன்று நாள் தலைமை ஆபீசுக்குப் போனான். டெய்லர் குச்சிகளைப் பார்த்தார். வளைந்து நெளிந்து எங்கோ போயின. முப்பது வருடம் நேர்த்தையல் போட்ட கண் இதைப் பொறுக்குமா?

"கோடு போட்டிருக்கிற லட்சணத்தப் பாருங்க!" என்றார் பக்கத்தில் நின்ற பார்பரிடம்.

பார்பருக்கும் கோணல் ஆகாது. கிருதா ஒரு நூல் ஏறியிறங்கினாலே அவருக்குத் தூக்கம் வராது. இருவரும் குச்சிகளைப் பிடுங்கி, கயிறு கட்டி, சாக்பீஸ் பொடி தூவிக் கோடு கிழித்தார்கள். இருபது பேர் கொண்ட கோஷ்டி மூன்று நாளில் வரப்பை நூல் பிடித்தாற்போல் போட்டு முடித்தது.

திரும்பி வந்த ஓவர்சியர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான்.

"தண்ணி ஓடக்கூடாது, நிக்கணும். அதுக்குத்தான் எல்லாக் குச்சியையும் ஒரே மட்டத்துல நட்டேன். இப்ப ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம். மழை பெஞ்சா மொத்தத் தண்ணியும் ஒரு மூலைக்கு ஓடி உடைச்சுக்கிட்டுப் போயிடும். நாளன்னிக்குச் சாயங்காலம் இன்ஜினியர் வர்றாரு. பார்த்தா கோஷ்டியையே கலைச்சிடுவாரு. முதல்ல என்னை வீட்டுக்கு அனுப்புவாரு."

டெய்லர் வீட்டில் அடுப்பெரிவதே இந்த இரண்டு பேர் வேலையால்தான். நடுவில் உப்பி நின்ற குன்றை வெறித்துப் பார்த்தார். சட்டென்று ஒரு பழைய வாடிக்கையாளர் ஞாபகத்துக்கு வந்தார்.

"தொந்தி காண்ட்ராக்டருக்கு பேண்ட் தைக்கிறப்ப, டேப் தொந்தியச் சுத்தி வளைஞ்சுதான் போகும். ஆனா ஏறியிறங்காம ஒரே மட்டமாப் போகணும். இல்லன்னா பேண்ட் நிக்காது. அது மாதிரியா?"

"அதேதான்."

"இத முதல்லயே சொல்லக்கூடாதா, சார்?"

"என்னிக்கு மாமா என்னைப் பேச விட்டீங்க?"

டெய்லர் மண்வெட்டியை எடுத்தார்.

இரண்டு நாள் ராப்பகலாக நேர்வரப்பைக் கலைத்து, இடுப்பு ஒடியப் புதிதாக வெட்டினார்கள். டெய்லரே முன்னால் நின்று குன்றின் தொந்திக்கு அளவெடுத்தார். மழையும் இன்ஜினியரும் சேர்ந்தே வந்தார்கள். வளைந்த வரப்பில் தண்ணீர் சமர்த்தாகத் தேங்கி நின்றது. இன்ஜினியர் தலையாட்டினார். பிறகு, கலைத்த பிறகும் மறையாமல் தெரிந்த பழைய நேர்கோட்டைக் குடையால் காட்டினார்.

"இது யார் செஞ்ச கூத்து?"

டெய்லர் கண்ணை மூடிக்கொண்டார்.

"நான்தான் சார். வெள்ளோட்டம் பார்த்தேன்" என்றான் ஓவர்சியர்.

"படிச்சவன்தானேய்யா நீ?" என்று தொடங்கி, இருபது பேர் முன்னிலையில் கால் மணி நேரம் அவனை வாங்கு வாங்கென்று வாங்கினார் இன்ஜினியர். வேலையிலிருந்து மட்டும் யாரையும் எடுக்கவில்லை.

அன்று வீட்டில் இருவரும் எதிரெதிரே சாப்பிட உட்கார்ந்தார்கள்.

"சாருக்கு இன்னும் கொஞ்சம் போடு" என்றார் டெய்லர்.

புதுக் கிண்டலாக்கும் என்று மனைவி முறைத்தாள். தம்பி குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

"போதும் மாமா."

டெய்லர் கரண்டியை வாங்கித் தானே போட்டார்.