முந்திப் போட்ட சாவுச் செய்தி

என் வீட்டுக்காரருக்கு ரயில் டிக்கெட் பைத்தியம். பெயர் தியாகராஜா. ரயில்வேயில் கிளார்க்காக இருந்து பென்ஷன் வாங்கியவர். மற்ற ஆண்கள் வேலையை விட்டதும் கோயில் கமிட்டியில் சேர்ந்து அடித்துக்கொள்வார்கள். இவர் பழைய டிக்கெட்டுகளை டப்பா டப்பாவாகச் சேர்த்தார். பிரை, தைப்பிங், ஈப்போ, கோலாலம்பூர் என்று ஓட்டை போட்ட அட்டை டிக்கெட்டுகள். அதற்காக நான் ஒருநாளும் சண்டை பிடித்ததில்லை. டப்பாவுக்குள் கிடந்தவரை அவை யாரையும் கெடுக்கவில்லை. தொண்ணூற்றெட்டில் அவற்றை இன்டர்நெட்டில் போட்டார். சனி பிடித்தது அப்போதுதான்.

எங்கள் பினாங்கில் சூலியா தெருவில் ஜபருல்லா என்பவன் சைபர் கஃபே வைத்திருந்தான். அவன்தான் டிக்கெட்டுகளை ஸ்கேன் செய்து, வெப்சைட் போடக் கற்றுக்கொடுத்து, வீட்டுக்கு ஒரு பழைய கம்ப்யூட்டரையும் தலையில் கட்டினான். பக்கத்தின் அடியில் கவுண்டர் என்று ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி இருக்கும். யாராவது வந்து பார்த்தால் அதில் எண் ஏறும். வந்தவர்கள் இரண்டு வரி எழுதிவிட்டுப் போக கெஸ்ட்புக் ஒன்றும் இருந்தது. எழுத ஒரு ஈ காக்கா வரவில்லை. யார் வருவார்கள், தைப்பிங் டிக்கெட்டைப் பார்க்க? கவுண்டர் நகரவில்லை என்று இவர் காலையில் ஜபருல்லா கடைக்குப் போய் அங்கிருந்து தன் பக்கத்தைத் தானே திறந்து பார்த்துவிட்டு வருவார்.

"அண்ணே, நீங்களே வந்து நீங்களே எண்ணிக்கிட்டா எப்படி லா?" என்று அவன் சிரித்தானாம். "ஆளுங்களுக்கு என்ன வேணுமோ அதப் போடணும்."

ஆளுங்களுக்கு என்ன வேணும் என்று சீக்கிரமே தெரிந்தது. பட்டர்வொர்த்தில் ஒரு பழைய ஸ்டேஷன் மாஸ்டர் இறந்தார். எங்கள் யாழ்ப்பாணத்து ஆள்தான். இவர் மரியாதைக்காக அவருடைய படத்தை டிக்கெட்டுகளுக்கு நடுவே போட்டு, இன்னார் காலமானார், இன்ன இடத்தில் தகனம் என்று எழுதினார். அவ்வளவுதான். லண்டன், டொராண்டோ, மெல்போர்ன் என்று எங்கெங்கோ இருக்கிற சொந்தக்காரன் எல்லாம் வந்து விழுந்தான். கெஸ்ட்புக் நிரம்பியது. என் வீட்டுக்காரர் கல்யாண மாப்பிள்ளை மாதிரி வீட்டுக்குள் நடந்தார்.

அதற்குப் பிறகு டிக்கெட்டுகள் மூலைக்குப் போய்விட்டன. யார் வீட்டில் யார் படுத்திருக்கிறார், யாருக்கு மூச்சு இழுக்கிறது என்பதே இவருக்குப் பேச்சு. கோலாலம்பூரில் ஏரம்பமூர்த்தி என்று ஒருவன் இதே மாதிரி ஒரு பக்கம் ஆரம்பித்துவிட்டான். யார் முந்திப் போடுவது என்று இரண்டு பேருக்கும் போட்டி. முந்திப் போட்டவன் பக்கத்துக்குத்தான் சனம் வரும், பிந்தியவனை நாய்கூடத் திரும்பிப் பார்க்காது என்பார். போன் லைன் முழுக்க மோடத்துக்குப் போனது. யாராவது எங்கள் வீட்டைக் கூப்பிட்டால் எங்கேஜ்ட்தான். அந்த லைனை நம்பித்தான் நானும் என் அண்ணனும் இருந்தோம்.

என் அண்ணன் விநாசித்தம்பி. அண்ணி போனபிறகு எங்களோடு இருந்தார். பிள்ளை என்று ஒரே ஒருத்தி, பத்மாவதி, டொராண்டோவில் வேலை. அண்ணனுக்கு ஈரல் கெட்டுப்போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இனி வீட்டுக்குத் திரும்ப மாட்டார் என்று அவருக்கே தெரியும். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"வள்ளி, பத்மாவ ஒரு தடவை கண்ணால பார்த்துட்டாப் போதும். அப்புறம் நான் கெளம்பிக்கறேன்."

பத்மாவுக்கு நானே போன் போட்டுச் சொன்னேன். அவள் அழுதாள், பிறகு லீவு எழுதினாள், சனிக்கிழமை பினாங்கில் வந்து இறங்குகிற மாதிரி டிக்கெட்டும் எடுத்தாள். அண்ணனிடம் சனிக்கிழமை என்று சொன்னேன். அன்றிலிருந்து அவர் உயிரைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டிருந்தார். காலையில் கண் விழித்ததும் இன்றைக்கு என்ன கிழமை என்பார். ஒரு கரண்டி கஞ்சி குடிக்க முகத்தைச் சுளிப்பவர், "பத்மா வரணும்ல" என்று சொல்லிச் சொல்லி விழுங்குவார்.

புதன்கிழமை மத்தியானம் நிலைமை மோசமானது. டாக்டர் எங்களை வெளியே கூப்பிட்டு, இன்றைய இரவு தாண்டுவது சந்தேகம் என்றார். நான் சுவரில் சாய்ந்துவிட்டேன். இவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"நான் வீட்டுக்குப் போயிட்டு வரேன்" என்றார்.

பத்மாவுக்குச் சொல்லத்தான் போகிறார் என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். நான் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து சிவபுராணம் படித்தேன். அண்ணனின் வாய் என்னோடு சேர்ந்து அசைந்தது. விடிந்தபோது அவர் கண்ணைத் திறந்து, "வியாழக்கிழமையா?" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

காலை பத்து மணிக்கு இவர் வந்து கதவருகில் நின்று எட்டிப் பார்த்தார்.

"இன்னும் இருக்காரா?"

"என்ன பேச்சு இது? கஞ்சி குடிச்சாரு. பத்மாகிட்ட சொன்னீங்களா?"

"ம்... அவளுக்குத் தெரியும்" என்றார். அண்ணனுக்குக் கிட்டேகூட வரவில்லை. முகம் ஒரு மாதிரி இருந்தது. கவலைப்படுகிறார் என்று எடுத்துக்கொண்டேன். அடுத்த நாளும் அப்படியே வந்து, எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

சனிக்கிழமை அண்ணனுக்கு நர்ஸிடம் சொல்லிச் சவரம் செய்ய வைத்தேன். நல்ல சட்டை போட்டு, நெற்றியில் விபூதி பூசி, "இதோ கூட்டிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு பாயான் லெப்பாஸ் ஏர்போர்ட்டுக்கு டாக்சி பிடித்தேன். அவள் வரவேண்டிய விமானம் வந்தது. எல்லோரும் இறங்கினார்கள். அதற்கடுத்ததும் வந்தது. வெள்ளைக்காரன், சீனன், மெக்காவிலிருந்து வந்த ஹாஜியார் வரைக்கும் வெளியே வந்தார்கள். என் மருமகள் வரவில்லை.

நேராக வீட்டுக்குப் போனேன். இவர் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். "லைன விடுங்க" என்று கத்தினேன். நான் கத்திய கத்தலில் எழுந்துவிட்டார். டொராண்டோவுக்குப் போட்டேன். பத்மாதான் எடுத்தாள். தொண்டை கட்டிப்போயிருந்தது. எங்கள் வழக்கத்தில் அப்பாவின் தங்கையை மாமி என்போம்.

"மாமி... எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதா?"

"என்னடி முடிஞ்சுது? நீ எங்க இருக்கே? ஏர்போர்ட்ல கால் கடுக்க நின்னுட்டு வரேன்!"

"ஏன் மாமி ஏர்போர்ட்டுக்கு? வியாழக்கிழமையே பத்து லஞ்சாங் சுடுகாட்டுல தகனம்னு மாமாவோட வெப்சைட்ல போட்டிருந்துச்சே. நம்ம ஆளுங்க எனக்காக வச்சிருக்க மாட்டாங்க, எப்படிப் பறந்தாலும் நான் வந்து சேர முடியாது. அதான் டிக்கெட்ட கேன்சல் பண்ணிட்டேன்."

அவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனாள்.

"போன் அடிச்சு அடிச்சுப் பார்த்தேன் மாமி. எங்கேஜ்ட், எங்கேஜ்ட். சாவு வீடு, எல்லாரும் கூப்பிடுவாங்கன்னு நினைச்சேன். அதான் கெஸ்ட்புக்ல எழுதினேன். எனக்குப் பதிலா மாமிய அப்பாவுக்கு வாய்க்கரிசி போடச் சொல்லுங்கன்னு. மாமாகூடப் பதில் எழுதினாரே, மனசத் தேத்திக்கோம்மான்னு. போட்டீங்களா மாமி?"

"பத்மா, உங்கப்பா உயிரோட இருக்காருடி" என்றேன்.

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. மனுஷர் போடுகிற சத்தம் இல்லை அது. பிறகு, "வரேன், வரேன், அப்பாவ இருக்கச் சொல்லுங்க மாமி, இருக்கச் சொல்லுங்க" என்றாள். லைன் அறுந்தது.

நான் திரும்பினேன். இவர் ஓடிப்போகவில்லை. நியாயம் பேச நின்றார்.

"டாக்டர் தாண்டாதுன்னு சொன்னாரு லா. நமக்குச் சாயங்காலம்னா அங்க காலை. ஆபீஸ்ல உட்கார்ந்ததும் பார்ப்பாங்க. காலையில போட்டா அங்க எல்லாம் தூங்கிடுவாங்க. ஏரம்பமூர்த்தி முந்தியிருப்பான்."

"விடிஞ்சதும் வந்து பார்த்தீங்களே! கஞ்சி குடிச்சார்னு சொன்னேனே! ஏன் எடுக்கல?"

"எடுத்துட்டு என்னன்னு எழுதச் சொல்ற? செத்தவர் சாகலன்னா? உலகமே சிரிக்கும். இன்னிக்கோ நாளைக்கோதானேன்னு..." என்று இழுத்தார். பிறகு, நான் சமாதானம் ஆவேன் என்று நினைத்தாரோ என்னவோ, "அண்ணனுக்குத்தான் இதுவரைக்கும் ரொம்பப் பேர் வந்திருக்காங்க தெரியுமா?" என்றார்.

திரையில் என் அண்ணன் சிரித்துக்கொண்டிருந்தார். என் ஆல்பத்திலிருந்த படம். போன வாரம் அதைக் காணோம் என்று வீடு முழுக்கத் தேடியிருக்கிறேன். இவரும் கூட நின்று தேடினார். ஆளை ஆஸ்பத்திரியில் சேர்த்த உடனேயே ஜபருல்லாவிடம் கொடுத்து ஸ்கேன் செய்து தயாராக வைத்திருக்கிறார், பாவி. என் வாயில் வந்ததை எல்லாம் சொன்னேன். அதை இங்கே எழுத முடியாது.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பியபோது விசிட்டிங் நேரம் முடியப்போகிற சமயம். அண்ணன் அதே சவரம் செய்த முகத்தோடு கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பின்னால் பார்த்தார்.

"பிளேன் லேட் அண்ணே" என்றேன்.

அவர் தலையாட்டினார். ஞாயிற்றுக்கிழமையும் லேட் என்றேன். அதற்குள் பத்மாவுக்கு வேறொரு சீட் கிடைத்துவிட்டது, ஆனால் செவ்வாய்க்கிழமை சாயங்காலம்தான் வந்து சேருவாள். திங்கட்கிழமை அண்ணனுக்குப் பார்வை மங்கிவிட்டது. கை மட்டும் மெத்தையைத் தடவிக்கொண்டே இருந்தது. "பத்மா? பத்மா?" என்று ஒரே கூப்பாடு. கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. நான் குனிந்து, குரலை மெல்லிசாக்கிக்கொண்டு, அவர் கையைப் பிடித்தேன்.

"அப்பா, வந்துட்டேன்பா."

அவர் முகம் அப்படியே மலர்ந்தது. என் கையைத் தடவினார். விரல், மணிக்கட்டு, அண்ணி சாகும்போது எனக்குக் கொடுத்துவிட்டுப் போன காப்பு. அந்தக் காப்பில் அவர் விரல் நின்றது.

"நீயுமா வள்ளி?" என்றார். கையை இழுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் யாரையும் கூப்பிடவில்லை. அன்று சாயங்காலம் போய்விட்டார்.

இவருக்கு ஆஸ்பத்திரி போனிலிருந்துதான் சொன்னேன். லைன் அதிசயமாகக் கிடைத்தது.

"சரியா எத்தனை மணிக்கு?" என்றார் முதல் வார்த்தையாக.

ஒரு நாள் வைத்திருக்கலாம், பிள்ளை வரட்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பத்மா பெட்டியோடு வாசலில் வந்து இறங்கினாள். கூடத்தில் உட்கார்ந்திருந்த பெண்கள் அவளைப் பார்த்ததும் ஒப்பாரியை ஏற்றினார்கள். மகள் ஓடிவந்து விழுந்து புரளுவாள் என்று எதிர்பார்த்தார்கள். அவள் செருப்பைக் கழற்றினாள், காலைக் கழுவினாள், வந்து அப்பாவின் தலைமாட்டில் நின்றாள். கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை. நான் கொடுத்த அரிசியை வாங்கி அவர் வாயில் போட்டாள்.

"கனடாவுக்குப் போனா மனசும் ஐஸாயிடும் போல" என்று பின்னாலிருந்து ஒருத்தி முணுமுணுத்தாள். அவள் கன்னத்தில் ஒன்று வைத்திருப்பேன். பத்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விடுங்க மாமி. அழுகை வந்தா அழ மாட்டேனா? நான் அங்கயே அழுது, தலை முழுகி, விளக்கேத்தி எல்லாம் முடிச்சிட்டேன். அப்ப அப்பா இங்க கஞ்சி குடிச்சிட்டு இருந்திருக்காரு. இப்ப வர மாட்டேங்குது மாமி."

இவர் கேமராவோடு வந்து எதிரே நின்றார். "பத்மா, அப்படியே அப்பா பக்கத்துல நில்லும்மா. வெப்சைட்ல போட ஒண்ணு" என்றார். அவள் இவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். "எடுங்க மாமா" என்றாள். இவர் எடுத்தார். கூசாமல் எடுத்தார்.

காரியம் முடிந்து பத்மா திரும்பிப் போனாள். போகும்போது மாமாவிடம் சொல்லிக்கொள்ளவில்லை. இவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. அண்ணனுக்குப் புதிதாக ஒரு பக்கம்கூடப் போடவில்லை இவர். பழையதிலேயே தேதியை மட்டும் மாற்றிவிட்டு, அந்தப் படத்தைச் சேர்த்தார். அவ்வளவு நாளுக்கு முன்பே எப்படித் தெரிந்தது என்று ஏரம்பமூர்த்தி போன் போட்டுக் கேட்டானாம். அதிலும் இவருக்குப் பெருமை.

ஒருநாள் நான் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். இவர் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் திருப்பாமலே கூப்பிட்டார்.

"வள்ளி, மெல்போர்ன்லேருந்து ஒருத்தர் கெஸ்ட்புக்ல எழுதியிருக்காரு, கேளு. அப்பா போன நேரத்துலயும் மகள் எவ்வளவு தைரியமா நிக்கிறாங்கன்னு. நல்ல படம் லா."

நான் கீரையை வைத்துவிட்டு எழுந்துபோனேன். சுவரிலிருந்து போன் வயரைப் பிடித்து இழுத்தேன். பெட்டியோடு பிய்ந்து வந்தது, சுண்ணாம்பு கொட்டியது. இவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன வள்ளி, லைன் போயிடுச்சே" என்றார்.