சீனா ஆன டெய்லர்

சீனான்னு சொன்னதுமே டிராகன் வரும், பெருஞ்சுவர் வரும்னு நிமிந்து உக்காந்துட்டீங்க பாருங்க. ஒண்ணும் வராது. டெய்லர் சீனிச்சாமிதான் வருவார். போன தை மாசம் அவர் சீனா ஆனார்.

ஒத்தப்பனைப்புதூர் வியாபாரிகள் சங்கம், சீனச் சாமான் எதுவும் இனிமே ஊருக்குள்ள இருக்கக் கூடாதுன்னு தீர்மானம் போட்டது. செயலாளர் கோமதிநாயகம் பட்டியல் எழுதினார்: சீனவெடி, சீனி, சீனிக்கிழங்கு, சீனியவரைக்காய், சீனிச்சாமி. எழுத்துப்பிழை எதுவும் இல்ல. அதனால நிறைவேறிடுச்சு. பட்டா வச்சிருக்குற மனுசனை வெளிய தூக்கிப் போட முடியாதே. தெருவுக்கு அந்தப் பக்கம் இருந்த அவர் வீட்டையே சீனான்னு அறிவிச்சு, வாசல்ல ஒரு கயிறு கட்டினாங்க.

சீனிச்சாமி ரேஷன் கார்டைத் திருப்பிக் கொடுத்துட்டு மிஷினை மிதிச்சார்.

அப்புறம்தான் வியாபாரம் சூடு பிடிச்சுது. நேத்து வரைக்கும் அக்குள்ல பிடிக்குதுன்னு மூஞ்சியில எறிஞ்ச ஜாக்கெட்டு, இன்னிக்குக் கயித்தைத் தாண்டி வந்ததால பாரின் ஜாக்கெட்டு. பிடிச்சாலும், "சீனாவுல இப்படித்தான் போடுதாக"ன்னு பொம்பளைங்க கையைத் தூக்காமலே நடந்தாங்க. மூணே மாசத்துல சீனாவோட வளர்ச்சி பத்து சதவீதம்னு பேச்சு. சம்சாரம் செல்லக்கனி இஞ்ச் டேப்பை வச்சு அளந்து பாத்தா. வாஸ்தவம்தான். மனுசன் ஆறரை இஞ்ச் கூடியிருந்தார்.

வைகாசியில சிக்கல் வந்தது. மகள் முப்பிடாதிக்கு ஊர்ப் பிள்ளையார் கோயில்ல கல்யாணம். அவ பேரு பட்டியல்ல இல்ல, தாராளமா வரலாம். அப்பா வர முடியாது. அவர் ஒரு நாடு. ஒரு நாடு எந்திரிச்சு ஊருக்குள்ள நடந்து வந்தா அதுக்குப் பேரு படையெடுப்பு.

முகூர்த்தத்துக்கு அரை மணி நேரம் இருக்கையில பேச்சுவார்த்தை. கயித்துக்கு ரெண்டு பக்கமும் நாற்காலி. சங்கத் தலைவர் தளவாய் கை குலுக்கினார். போட்டோக்காரர் அப்பத்தான் வந்ததால இன்னொரு தடவை குலுக்கினார்.

"தாரை வாக்கணும் அண்ணாச்சி. நான் இல்லாம எப்படி?"

"இருதரப்பு நல்லுறவு எங்களுக்கும் முக்கியம்தாம்வே. மொதல்ல உம்ம வளர்ச்சியைக் குறையும்."

"முட்டியை மடக்கட்டுமா?"

"மடக்கினா எதையோ மறைக்கீருன்னு ஊரு பேசும். பேரை மாத்தும். சர்க்கரைச்சாமி. ரெண்டும் ஒரே இனிப்புதானவே?"

கோயில்ல நாயனம் கேட்டுது. நாப்பத்தெட்டு வருசப் பேரை ஒரே கையெழுத்துல விட்டுக் கொடுத்தார். ஆறரை இஞ்சும் இறங்கிடுச்சு. தளவாய் கயித்தை அவுக்கக் குனிஞ்சார்.

மாப்பிள்ளை அழைப்புக்கு வந்து நின்ன தவுல்காரர் இசக்கி வாய் விட்டுட்டார்.

"அவரு உள்ள வந்துருவாரு. நாம எங்க போறது? ஊர்ல ஒருத்தர் ஒடம்புலயும் உள்ளூர்த் தையல் இல்லியே! அண்ணாச்சி, உங்க அண்டர்வேர் வரைக்கும் சீனாதான?"

தளவாய் வேட்டியை இறுக்கிக்கிட்டார். கோமதிநாயகம் தீர்மானத்தை எடுத்துப் படிச்சார். 'எதுவும்'னு தெளிவா இருந்தது.

ஊர் மொத்தமும் வரிசையா வெளிய வந்தது. மாப்பிள்ளை, பந்திக்காரங்க, அப்பா தைச்ச ஜாக்கெட்டோட முப்பிடாதி, எல்லாரும் கயித்தைத் தாண்டிச் சீனாவுக்குப் போனாங்க. தனக்குன்னு ஒரு சட்டைகூடத் தைச்சுக்காத சர்க்கரைச்சாமி மட்டும் வேட்டி துண்டோட கயித்துக்கு இந்தப் பக்கம் வந்து ஊருக்குள்ள நின்னார். மகள் பின்னாடியே ஒரு கால் எடுத்து வச்சார்.

"விசா?"ன்னார் கோமதிநாயகம்.

சீனா வாசல்லயே மணமேடை போட்டாங்க, செல்லக்கனி தனியாத் தாரை வாத்தா. சர்க்கரைச்சாமி இங்கேயிருந்தே அட்சதை எறிஞ்சார். அது இறக்குமதின்னு கோமதிநாயகம் பெருக்கி ஓரமா ஒதுக்கினார்.

கால் கடுத்துது. சர்க்கரைச்சாமி கோயிலுக்குள்ள போனார். அங்கேயிருந்து பாத்தா மணமேடை நல்லாவே தெரிஞ்சுது. பிள்ளையார் பீடத்துல கொஞ்சம் நகந்து, உக்கார இடம் விட்டார்.