கன்றுக்குட்டி வால்வு

டாக்டர் மேசை இழுப்பறையிலிருந்து இரண்டு வளையங்களை எடுத்து என் தம்பி ஷஹாத்தாவின் முன்னால் வைத்தார். ஒன்று கறுப்பு, நடுவில் இரண்டு சின்னக் கதவுகள். இன்னொன்று வெளுத்து, நனைந்து காய்ந்த தோல் மாதிரி இருந்தது. அவன் நெஞ்சைப் பிளந்து, கெட்டுப்போன வால்வை அறுத்தெடுத்துவிட்டு, இதில் ஒன்றை வைத்துத் தைக்கப்போகிறார்கள்.

"கறுப்பு தேயாது. ஆனா அதுல ரத்தம் உறையாம இருக்க ஆயுசுக்கும் மாத்திரை சாப்பிடணும், அடிக்கடி ரத்தம் எடுத்துப் பாக்கணும். வெள்ளை கன்னுக்குட்டிச் சதையில செஞ்சது. அந்த மாத்திரை ஆயுசுக்கும் தேவைப்படாது. ஆனா உன் வயசுக்குப் பத்து வருஷத்துல, அதுக்கு முன்னாடியேகூடத் தேஞ்சிரும். மறுபடியும் நெஞ்சைத் திறக்கணும். ரெண்டாவது தடவை ஆபத்து அதிகம். அதனால கறுப்புதான், யோசிக்க ஒண்ணுமில்ல."

தம்பி மனைவி ஹமீதா உடனே தலையாட்டினாள். குளிர்காலம் முழுக்க அவன் படுக்க முடியாமல் உட்கார்ந்தே மூச்சு வாங்கியதைப் பார்த்தவள் அவள்.

அந்த ஆஸ்பத்திரிக்கு நாங்கள் எத்தனை முறை நடந்திருப்போம். உப்பு எவ்வளவு, சிகரெட் எவ்வளவு, சின்ன வயதில் தொண்டைவலிக் காய்ச்சல் வந்ததா, எல்லாம் கேட்டார்கள். என்ன வேலை செய்கிறான் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. காகிதத்தில் 'தொழிலாளி' என்றிருந்தது. அது போதும் அவர்களுக்கு.

"மாத்திரை சாப்பிட்டா, வெட்டுப்பட்டா ரத்தம் நிக்குமா?" என்றான் ஷஹாத்தா.

"சீக்கிரம் நிக்காது. ஷேவ் பண்ணும்போதுகூட ஜாக்கிரதையா இருக்கணும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கையைத் தூக்கி மேசைமேல் வைத்தேன். வலது கையில் எனக்கு இரண்டு விரல் கிடையாது. டாக்டர் அப்போதுதான் பார்த்தார்.

"கல்குவாரி ரம்பம்" என்றேன். "மூடி கிடையாது. தண்டவாளத்துல ஓடிக்கிட்டே கல்லை அறுக்கும். நானும் இவனும் அதுக்குப் பக்கத்துலதான் நிப்போம். வெட்டுப்பட்டா காப்பித்தூளை அப்பிக்கிட்டு மறுபடி நிப்போம்."

"அப்ப வேற வேலைக்குப் போகச் சொல்லுங்க."

"என்ன வேலை சார்?" தம்பி மரியாதையாகத்தான் கேட்டான். டாக்டர் பேனா மூடியைக் கழற்றி மாட்டினார். எகிப்தில் எங்கள் மின்யா பக்கம் மலைக்கும் நைல் ஆற்றுக்கும் நடுவில் இருக்கிற நிலமெல்லாம் அடுத்தவன் நிலம். மலை மட்டும்தான் எங்களைக் கூப்பிடும்.

"வெள்ளையே வைங்க" என்றான்.

ஹமீதா அவன் பக்கம் திரும்பினாள். "உன்னை ரெண்டு தடவை பிளக்கறதை நான் பாக்கணுமா? ரம்பத்துக்காகவா நீ உயிரோட இருக்கே?"

"ரம்பத்துக்கிட்ட இன்னும் பத்து வருஷம் நான் முழு உடம்போட நிப்பேன்னு யாரு கண்டா? என் அண்ணனைப் பாரு, பத்து விரலுக்கே வழியில்ல."

"சிரிக்காதே. கறுப்பு வச்சுக்கிட்டு வீட்ல உக்காரு. நான் வெங்காயக் கிடங்குக்குப் போறேன்."

"நீ மூட்டை தூக்க, நான் உக்காந்து திங்கணுமா?"

"ஆமா. தின்னு. உயிரோட இருந்து தின்னு."

இரண்டு பேரிடமும் நியாயம் இருந்தது. வாரக் கடைசிக்குள் முடிவைச் சொல்லுங்கள் என்று டாக்டர் அனுப்பிவிட்டார்.

குவாரியில் அதற்குள் பேச்சு பரவியிருந்தது. "உன் தம்பி இனிமே ரொட்டி கேக்க மாட்டான், வைக்கோல் கேப்பான்" என்றான் லாரிக்காரன் பக்கீத். "ஹமீதா பால் கறந்து விக்கலாம்" என்றான் இன்னொருவன். நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் அங்கே நாள் ஓடாது.

முதலாளி ஹாஜி உவைஸ் கூடாரத்துக்குள் டீ குடித்துக்கொண்டிருந்தார். ஷஹாத்தா பதினைந்து வயதிலிருந்து அவர் மலையைத்தான் அறுக்கிறான். ரம்பத்தை விட்டுத் தள்ளி ஒரு வேலை, லாரியில் ஏறும் கல்லை எண்ணுகிற வேலையானாலும் சரி, கொடுங்கள் என்று கேட்டேன். கறுப்பு, வெள்ளை இரண்டையும் விளக்கினேன். நன்றாகக் காது கொடுத்துத்தான் கேட்டார். ஒரு கரண்டி சர்க்கரை போட்டுக் கலக்கினார்.

"எண்ணறதுக்கு என் மச்சான் மகன் இருக்கான். உன் தம்பிக்கு ரம்பம்தான் பழகின கை" என்றார். "கன்னுக்குட்டியையே வைக்கச் சொல்லு. பத்து வருஷம் எனக்குப் போதும்."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பெல்ட் எத்தனை மாதம் வரும், பிளேடு எத்தனை கல் அறுக்கும் என்று கணக்குப் போடுகிற வாய் அது. கூடாரத்தை இழுத்து அவர் தலையில் போடவேண்டும் போலிருந்தது. போடவில்லை. எனக்கும் அதே ரம்பத்தில்தான் சோறு. வெளியே வந்து சாயங்காலம் வரைக்கும் கல் தள்ளினேன்.

ஹமீதாவிடம் என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தேன். ஹாஜி இடம் பார்க்கிறேன் என்றார், யோசிக்கிறேன் என்றார், இப்படி ஏதாவது பொய். தம்பி வீட்டு வாசலுக்குப் போனபோது கதவு திறந்துதான் கிடந்தது.

ஷஹாத்தா பாயில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கல்தூசிக்காக நாங்கள் மூக்கையும் வாயையும் சுற்றிக் கட்டுகிற துண்டைக் கட்டியிருந்தான். கண் மூடியிருந்தது. துண்டு அவன் வாய்க்குள் ஒட்டி, பிரிந்து, ஒட்டியது. அதற்குள் மூச்சு விட முடிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான். அடுப்படியில் ஹமீதா கையில் மாவோடு, அந்தத் துண்டு அசைவதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.