ஐந்தரை அங்குலத்துக்கு வந்த கேடு

செக்காலை ரோட்டுப் போன் கடைகளெல்லாம் முறம் சைஸில் போன்களை அடுக்கிவைத்து ஒன்றோடொன்று மல்லுக்கட்ட, சிவரஞ்சனியின் கடைக்கு மட்டும் கண்டரமாணிக்கத்திலிருந்தும் கானாடுகாத்தானிலிருந்தும் பஸ் ஏறி ஆள் வந்தது. காரணம் ஒரே ஒரு சின்ன மாடல். ஐந்தரை அங்குலம், சட்டைப்பைக்குள் அடங்கும், குனிந்தால் விழாது.

அதைத்தான் கம்பெனி நிறுத்தப் போகிறதாம். சேதி சொல்ல ஏரியா மேனேஜர் வெங்கட்ராமன் சென்னையிலிருந்து லேப்டாப்பும் கையுமாக வந்திருந்தார்.

"சின்னதுக்குன்னு தனி டிஸ்ப்ளே, தனி பாடி. இத்தனை ஆயிரம் போகும்னு தெரிஞ்சாத்தான் மேடம் ஃபேக்டரில அதுக்கு லைன் ஓட்டுவாங்க. ஜனங்களுக்குப் பெருசுதான் பிடிக்குது. கேட்டாச்சு."

"எங்க ஊர்ல கேட்டீகளா சார்?"

"இப்பவே கேட்போமே."

அந்நேரம் படியேறினார், கோவிலூரில் மாவு மில் நடத்தும் ராமுத்தாய். நேரே சின்ன போனை எடுத்துத் திருப்பிப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"என்ன ரஞ்சனி, சோப்பு டப்பா கணக்கா இருக்கு? அந்தப் பெருசு பாரு, என்னா லட்சணம்!"

வெங்கட்ராமன் சந்தோஷமாக லேப்டாப்பில் தட்டினார்: சின்னது பிடிக்கவில்லை, பெரியது பிடிக்கிறது.

"அழிங்க சார், அழிங்க! அக்கா அதை வாங்கத்தான் வந்திருக்காக."

"திட்டுறாங்களே?"

"பிடிச்சிருக்குன்னு சொன்னா நான் விலையைக் குறைப்பேனா? பெருசைத் தொடவே இல்ல பாருங்க. இங்க வேணாம்ங்கிற சாமானைத்தான் வாயார மெச்சுவாக."

"ஏண்டி, வெளியூர்க்காரர் முன்னால என் பேரத்தைக் கெடுக்கிற?" என்று முறைத்த ராமுத்தாய், ஐந்நூறு குறைக்கச் சொல்லித் தொடங்கி இருநூறில் முடித்து, ஒரு கவரையும் இலவசமாக வாங்கிக்கொண்டு சின்ன போனோடு இறங்கிப் போனார்.

வெங்கட்ராமன் லேப்டாப்பைச் சிவரஞ்சனி பக்கம் திருப்பினார். "சரி, அவங்க கஸ்டமர். இது யார் மேடம்?"

திரையில், அவள் மாதாமாதம் கம்பெனிக்கு அனுப்பிய வாட்ஸப் செய்திகள். 'சின்னது சுத்தமா போகல. எங்க லாப மார்ஜினைக் கூட்டினா பத்து எடுக்கிறேன்.' 'ஒருத்தரும் திரும்பிப் பாக்கல.' 'இதை ஏன் எங்க தலையில கட்டுறீக?' பதினாலு மாதம், ஒரு மாதம் தவறாமல்.

"வித்த எண்ணிக்கை உங்ககிட்ட இருக்குல்ல சார்?"

"இருக்கு. மார்ஜின் கூட்டித் தர்றதாலதான் போகுதுன்னு மேலிடத்துல நினைக்கிறாங்க. அதுவும் நீங்க சொன்னதுதான்."

சிவரஞ்சனி லேப்டாப்பை மெல்ல அவர் பக்கமே திருப்பிவைத்தாள். மாவட்டத்திலேயே அந்த மாடலை அதிகம் விற்றவளும் அவள்தான், அதிகம் பழித்தவளும் அவள்தான்.

"நாளைக்கு மீட்டிங். இது நல்லாப் போகுது, மார்ஜின் கூட்டாமலே எடுப்பேன்னு ரெண்டு நிமிஷம் வீடியோல பேசுங்க. காட்டிப் பார்க்கிறேன்."

கொள்முதல் செய்கிற சரக்கைக் கொடுக்கிறவனிடமே புகழ்வதா? அவள் பரம்பரையில் யாரும் செய்யாத காரியம். மூன்று முறை தொண்டையைச் செருமினாள். நான்காம் முறை வார்த்தை வந்தது. வந்தபின் நிற்கவில்லை. கைக்கு அடக்கம், சார்ஜ் நிற்கும், பெண்கள் இதற்கு உயிரை விடுகிறார்கள். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு, "பழைய மார்ஜினே போதும்" என்றாள்.

கம்பெனிக்கு வீடியோ பிடித்துப்போனது. எவ்வளவு பிடித்ததென்றால், தென்மாவட்டக் கடைக்காரர்களின் வாட்ஸப் குரூப் அத்தனையிலும் போட்டுவிட்டார்கள். ஒரே வாரத்தில் ஆர்டர் குவிந்தது. இன்னும் ஒரு வருடத்துக்கு லைன் ஓடும் என்று வெங்கட்ராமன் போனில் வாழ்த்தினார்.

அன்று சாயங்காலமே எதிர்க்கடை முத்தரசு சிரித்தபடி வந்து நின்றான்.

"இம்புட்டு நல்ல போனாக்கா? மூச்சு விடலையே நீங்க! நானும் அம்பது போடப்போறேன். எந்தக் கலரு ஓடும்?"

அவளிடம் விற்காமல் கிடப்பது பச்சை ஒன்றுதான்.

"பச்சைதான் தம்பி. கண்ணுக்கு அம்புட்டுக் குளிர்ச்சி!" என்று வாயார மெச்சினாள்.

முத்தரசு அவள் முகத்தையே ஒரு கணம் பார்த்தான்.

"அப்ப நீலமே போட்டுக்கிறேன்க்கா" என்று சொல்லிவிட்டு ரோட்டைத் தாண்டினான்.