சண்முகவடிவின் எச்சில்

1991 ஆவணியில் கல்யாணமாகி நரிக்குடிக்குப் போன சண்முகவடிவின் எச்சில், அவள் படிப்பை நிறுத்திய அருப்புக்கோட்டைப் பெண்கள் கல்லூரியின் ஆய்வகத்தில் மாசி மாதம் வரைக்கும் பசியோடு இருந்தது. உயிர்வேதியியல் இரண்டாம் ஆண்டில் பதினாறு பிள்ளைகள். எச்சில் மாவுச்சத்தைச் செரிப்பதைப் பார்ப்பது அன்றைய பாடம். கஞ்சித் தண்ணீரில் அயோடின் சொட்டு விட்டால் கருநீலம். எச்சிலைக் கலந்து வைத்தால் அந்த நீலம் மெல்ல வெளுக்கும். எத்தனை நிமிடத்தில் வெளுத்தது என்று நோட்டில் எழுத வேண்டும். குழாயில் துப்பச் சொன்னதும் பதினைந்து பேருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. பாலவனத்தத்தில் பருத்திக்கொட்டைக் கடை வைத்திருந்த சங்கரலிங்கத்தின் மகள் சண்முகவடிவுதான், வாயைக் கொப்பளித்துவிட்டு, வகுப்புக்கே சேர்த்துத் துப்பிக் கொடுத்தாள். எல்லா நோட்டிலும் பன்னிரண்டு நிமிடம்.

அடுத்த வாரமே கல்யாணம். "புள்ள படிக்கட்டும், நாங்க என்ன வேணாம்னா சொல்றோம்?" என்றார்கள் மாப்பிள்ளை வீட்டார். எல்லாரும் சொல்வதுதான். மிச்ச எச்சில் ஒரு சின்ன பாட்டிலில் கிடந்தது. மறுநாளே நாறியிருக்க வேண்டியது, நாறவில்லை. புரட்டாசியில் அந்த வகுப்பெடுத்த ஜெப ஷீலா மேடம் விளையாட்டாகச் சோதித்தபோது ஒன்பது நிமிடம். கார்த்திகையில் நான்கு. தையில் அயோடின் விழுந்த கையோடு வெளுத்தது. மாசியில் மூடியைத் திறக்கவே தேவைப்படவில்லை. ஆய்வகத்துக்குள் நுழைந்தால் கஞ்சி போட்ட புடவை துவண்டு தொங்கியது. கேன்டீனில் இட்லிமாவு இனிப்புத் தண்ணீராகக் கிடந்தது. பிறகு, பின்தெருவில் நெசவுக்காரர்கள் நீட்டிக் கஞ்சி போட்ட பாவு நூலெல்லாம் மொடமொடப்புப் போய், தறியில் ஏற்றியதும் இழை இழையாக அறுந்தது. "அந்தச் சனியனைத் தூக்கிச் சாக்கடையில ஊத்துங்கம்மா" என்று வந்து நின்றார்கள். நியாயம்தான், அவர்களுடையதும் வயிறுதானே. ஜெப ஷீலா ஊற்றவில்லை. எச்சிலுக்கே இத்தனை பசி என்றால், அந்தப் பிள்ளை நரிக்குடியில் பட்டினி கிடக்கிறாள் என்று அவருக்குத் தெரிந்துபோயிற்று.

பாட்டிலை எடுத்துக்கொண்டு பாலவனத்தம் போனார். சங்கரலிங்கம் சிரித்தார்.

"என்ன பேச்சு மேடம் இது? அவுக வீட்டுல நெல்லு மூடை மூடையா அடுக்கிக் கெடக்கு. எம் மகளா பட்டினி?"

சொல்லிக்கொண்டே மத்தியானச் சோற்றுத் தூக்குவாளியைத் திறந்தார். சோறு இல்லை, தண்ணீர்தான் இருந்தது. விரலை விட்டு நக்கிப் பார்த்தார். இனித்தது. கடையை அடைத்துவிட்டு நரிக்குடிக்கு பஸ் ஏறினார்.

மறுநாள் ஒன்பது மணிக்கு ஜெப ஷீலா அயோடின் சொட்டினார். நீலம் அப்படியே நின்றது. பன்னிரண்டு நிமிடமும் ஆயிற்று, ஒரு மணி நேரமும் ஆயிற்று, நீலம் நீலமாகவே இருந்தது. வயிறு நிறைந்திருந்தாலும் வெளுக்காது. உயிர் போயிருந்தாலும் வெளுக்காது. இரண்டில் எது என்று எந்தப் புத்தகத்திலும் போடவில்லை. "கர்த்தரே, கர்த்தரே" என்று முனகிக்கொண்டே இருந்தார்.

பன்னிரண்டரை மணிக்கு சங்கரலிங்கம் மகளைத் தோளில் தாங்கிக்கொண்டு ஆய்வகத்துக்குள் வந்தார். பரீட்சை எழுதப் போவேன் என்று அவள் சொன்னதற்காக, நெல் மூடைகளோடு ஓர் அறையில் பூட்டி, இரண்டு நாளைக்கு ஒரு வேளை கஞ்சி ஊற்றியிருக்கிறார்கள், பாவிகள். விடிந்ததும் பூட்டை உடைத்தாராம். திருச்சுழி பஸ் ஸ்டாண்டில் பத்தொன்பது இட்லி தின்றாளாம். சொல்லும்போதே அவருக்கு அழுகை வந்துவிட்டது. சண்முகவடிவு அழவில்லை.

"பரீட்சை என்னைக்கு மேடம்?" என்றாள்.

வருகைப்பதிவு குறைந்ததால் இரண்டாம் ஆண்டை மறுபடி படித்து, 1994இல் பட்டம் வாங்கி, அதே ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். அதன்பின் அந்தக் கல்லூரியில் படிப்பை நிறுத்திக் கல்யாணம் பண்ணிப் போகும் பெண், பெயரும் போகும் ஊரும் எழுதிய பாட்டிலில் துப்பி வைத்த பிறகே டி.சி. கொடுத்தார்கள். பிள்ளைகளும் வெட்கப்படவில்லை. தினமும் காலையில் சண்முகவடிவு ஒவ்வொன்றுக்கும் நேரம் பார்த்து எழுதினாள். 1998 ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, இருபத்து மூன்றாம் பாட்டில் ஐந்து நிமிடத்தில் வெளுத்தது. அந்தப் பெண்ணின் தகப்பனாருக்கு போன் போட்டாள்.

"ஐயா, காலேஜ்ல இருந்து பேசுறேன். பத்து மணி பஸ்ஸுக்கு வந்துருங்க, நானும் வாரேன்."

அவர் ஏன் என்று கேட்கவில்லை.