ஜுமாதிலின் கார் இரைச்சல்

ஸ்டீரியோவைக் கழற்றி வெளியே வைத்த பிறகும் ஜுமாதிலின் காரில் இரைச்சல் நிற்கவில்லை. கொச்கோர் ஊரில் உருளைக்கிழங்கை வாங்க ஆளில்லாமல் போன வருடம் அது. நான்கு ஸ்பீக்கர்களையும், டிக்கியில் இருந்த ஆம்ப்ளிஃபயரையும், கூரையில் இருந்த ஏரியலையும் கழற்றித் தார்ப்பாயில் பரப்பிவிட்டு அவர் உள்ளே ஏறிச் சாவியைத் திருப்பினார். கதவுகளில் ஸ்பீக்கர் இருந்த நான்கு வெற்று ஓட்டைகளிலிருந்தும் அதே இரைச்சல் வந்தது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் ஏறியது, காலை எடுத்தால் இறங்கியது.

வேறு யாருக்காவது நடந்திருந்தால் ஊர் இதைப் பெரிதாக எடுத்திருக்காது. ஜுமாதிலுக்கு இரைச்சலைப் போக்குவதுதான் பிழைப்பு. பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு துருப்பிடித்த கன்டெய்னரில் இருபது வருடமாக அதைத்தான் செய்துவந்தார். நரினுக்கும் பிஷ்கெக்குக்கும் ஷேர் டாக்ஸி ஓட்டுகிறவர்கள் பாட்டோடு சேர்ந்து கொசு ரீங்காரம் கேட்கிறது, கொதிக்கும் கெட்டில் சத்தம் கேட்கிறது என்று புலம்பிக்கொண்டு வருவார்கள். அவர் அவசரப்பட மாட்டார். ஒரு பொருளைக் கழற்றுவார், சாவியைத் திருப்பிக் கேட்பார். நிற்கவில்லையென்றால் அடுத்ததைக் கழற்றுவார். பெரும்பாலும் பெயின்ட் மேல் முறுக்கிய எர்த் வயர்தான் காரணமாக இருக்கும், அல்லது பேட்டரி வயரும் பாட்டு வயரும் ஒரே பக்கமாக ஓடியிருக்கும். தேநீர் ஆறுவதற்குள் கார் அமைதியாகிவிடும்.

ஜிபெக் அவருடைய ஒரே மகள். மாஸ்கோவில் ஒரு கிடங்கில் பொட்டலம் கட்டும் வேலைக்குப் போனவள், ஒரு வாரக் காய்ச்சலில் இறந்து, பிப்ரவரியில் துத்தநாகச் சவப்பெட்டியில் வீடு வந்து சேர்ந்தாள். முற்றத்தில் கூடாரம் போட்டு அதற்குள் அவளைக் கிடத்தினார்கள். பெண்கள் உள்ளே கூடாரச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி பாட வேண்டும். தகப்பன் வெளியே இடுப்பில் கச்சை கட்டி, கம்பை ஊன்றிக் குனிந்து நின்று ஓலமிட வேண்டும். துக்கத்துக்கு வரும் ஆண்கள் தெருமுனையிலேயே வண்டியை விட்டிறங்கிக் கதறிக்கொண்டே வருவார்கள். வாசலில் நிற்பவன் பதிலுக்குக் கதறினால்தான் அவனைக் கட்டிப்பிடித்து அழ முடியும். அந்த வருடம் புதிதாக வந்த இளம் இமாம், சத்தம் போட்டு அழுதால் போனவர்களுக்கு வலிக்கும் என்று சொல்லியிருந்தார். ஜுமாதிலின் மனைவி சைராகுல் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மூன்று நாளும் தொண்டை கட்டிப்போகும்வரை பாடினாள். ஜுமாதில் இமாமின் பேச்சைக் கேட்டு நடந்தார். பெற்ற மகளுக்கு வலிக்கும் என்றால் எந்தத் தகப்பன்தான் வாயைத் திறப்பான்? பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். கதறிக்கொண்டு வந்தவர்கள் பதில் குரல் கேட்காமல் பாதி வழியில் தடுமாறி, கனைத்துக்கொண்டு, வீடு மாறி வந்தவர்களைப் போலக் கைகொடுத்துவிட்டுப் போனார்கள். பாவம் மனிதர், அன்றைக்கு அவரைப் பற்றிப் பேசாத வாய் ஊரில் இல்லை.

நாற்பதாம் நாள் சாப்பாட்டுக்கு மாவு வாங்கப் போனபோதுதான் காரில் முதன்முதலாக அந்த இரைச்சல் கேட்டது. டைனமோவை மாற்றினார். வயர் மொத்தத்தையும் உருவிப் புதிதாகப் போட்டார். எர்த் கம்பிக்காகச் சுரண்டிச் சுரண்டி, தரைத் தகட்டில் பெயின்டே மிச்சமில்லை. ஆகஸ்ட் மாதம் இரைச்சலுக்கு வார்த்தை வந்தது. மேட்டில் ஏறும்போது “மகளே, மகளே” என்று தெளிவாகக் கேட்டது. டாக்ஸிக்காரன் முகாஷ் ஒருநாள் ஜன்னலில் கையை ஊன்றிக்கொண்டு, “ஊர்க் காருக்கெல்லாம் வைத்தியம் பாக்குறீங்கண்ணே, உங்க காருக்கு நாங்க யாரைக் கூப்பிடறது?” என்றான். கேட்ட பிறகுதான் அவனுக்கே நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது. கேலி ஜுமாதிலை எட்டவே இல்லை. இந்தச் சத்தம் ஒவ்வொரு நாளும் மண்ணுக்குள் இருக்கும் ஜிபெக்குக்கு வலிக்கிறது, வருடத் திதிக்குள் இதை நிறுத்தியாக வேண்டும் என்பது மட்டும்தான் அவர் மனதில் இருந்தது. அதனால்தான் தூக்கமில்லாமல் அலைந்தார். அதனால்தான் மனைவியைத் திட்டினார். அவள் மூன்று நாள் பாடிய ஒப்பாரிதான் காருக்குள் போய் உட்கார்ந்துகொண்டது என்று நம்பினார்.

எல்லாவற்றையும் கழற்றிப் பரப்பிய அந்தக் காலையிலும் அதையே சொல்லிக் கத்தினார். சைராகுல் மாவுக் கையோடு வெளியே வந்து, தார்ப்பாயில் கிடந்தவற்றைப் பார்த்தாள்.

“எல்லாத்தையும் கழட்டிட்டீங்களா?”

“எல்லாத்தையும்.”

“இன்னும் ஒண்ணு மிச்சம் இருக்கு. நீங்க இறங்குங்க.”

அவர் இறங்கினார். அவள் ஏறி உட்கார்ந்து ஆக்ஸிலேட்டரை மிதித்தாள். எஞ்சின் சத்தம் தவிர வேறொன்றும் இல்லை. அவர் பக்கத்து இருக்கையில் ஏறினார், ஓட்டைகள் நான்கும் அழுதன. இறங்கினார், நின்றது. வாடிக்கையாளர் காருக்குச் செய்வதுபோலவே மூன்று முறை ஏறி இறங்கிச் சோதித்துப் பார்த்தார். மூன்று முறையும் அப்படியேதான் இருந்தது.

“அது என் குரல் இல்ல, ஜிபெக் அப்பா,” என்றாள் சைராகுல். “நான் அப்பவே அழுது தீத்துட்டேன். இது உங்களோடது.”

“அவளுக்கு வலிக்குமே, சைரா.”

“உள்ள படுத்துக் கெடந்தாளே, எல்லார் அப்பனும் அழுற எடத்துல எங்கப்பா சத்தம் மட்டும் ஏன் கேக்கலைன்னு நெனச்சிருக்க மாட்டாளா?”

ஜுமாதில் அங்கேயே கம்பை எடுத்து ஊன்றிக் குனிந்து வாயைத் திறந்தார். காற்று மட்டும் வந்தது. அன்று மாலைவரை முயன்றும் வேறெதுவும் வரவில்லை. பேசுவதற்குக் குரல் இருந்தது, அழுவதற்கு இருந்த குரல் முழுக்கக் காருக்குள் போயிருந்தது.

வருடத் திதிக்கு அதே இடத்தில் கூடாரம் போட்டார்கள். ஜுமாதில் காரை வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தி, கச்சை கட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்து, சாவியைத் திருப்பினார். காலை எதிலும் வைக்கவில்லை. ஆனாலும் குரல் ஏறியது. போன வருடம் கனைத்துவிட்டுப் போனவர்கள் தெருமுனையில் இறங்கியபோதே அதைக் கேட்டார்கள். முகாஷ்தான் முதலில் கதறினான். பிறகு எல்லோரும் கதறிக்கொண்டு வந்து, வரிசையாக ஜன்னல் வழியே குனிந்து, அவர் தோளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். இமாமும் வந்தார். கொஞ்ச நேரம் தள்ளி நின்றுவிட்டு அவரும் குனிந்தார். யாரும் எஞ்சினை அணைக்கச் சொல்லவில்லை. பெட்ரோல் தீரும்போது முற்றத்து அடுப்பில் இறைச்சி வெந்திருந்தது.

இரைச்சல் அதன் பிறகும் போகவில்லை. ஜுமாதில் ஸ்பீக்கர்களைத் திரும்ப மாட்டினார், வயரைத் தொடவில்லை. இன்றைக்கும் ஊரார் கார்களின் இரைச்சலைப் போக்கிக்கொடுக்கிறார், தன் காரில் அந்தக் குரலோடு வீடு திரும்புகிறார். சைராகுல் பக்கத்தில் உட்கார்ந்து வரும் நாட்களில், மேட்டில் குரல் உச்சத்துக்குப் போகும்போது, தொண்டை காய்ந்திருக்கும் என்று சொல்லித் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவரிடம் நீட்டுவாள். அவரும் ஒரு கையால் வாங்கிக் குடிப்பார்.